பிஸ்கட் டின் மூடியில் ஒரு கோட்டை

எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. பிஸ்கட் தீர்ந்ததும் ஊசி, நூல், பித்தான் எல்லாம் அதற்குள் போய்விட்டன. மூடியில் ஒரு படம்: மலையுச்சியில் கோட்டை, கீழே கடலோரமாக வெள்ளை வெள்ளையாய் வீடுகள். ஓரத்தில் ஸ்பெயின் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். அக்காவும் நானும் அந்தக் கோட்டையில் ஆளுக்கொரு சன்னலைப் பங்கு போட்டுக்கொண்டோம். பெரிய சன்னல் அவளுக்கு. போனால் ரெண்டு பேரும் சேர்ந்துதான் போக வேண்டும் என்று அம்மா மேல் சத்தியம் வாங்கியவளும் அவள்தான்.

இப்போது அவள் ஈப்போவில், நான் சிம்பாங் பூலாயில். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மா என்னோடு. போன வருடம், அம்மாவுக்கு ஆள் வைத்துவிட்டுப் பத்து நாள் போய்வரலாமா என்று அக்காவைக் கேட்டேன்.

"எனக்கு முட்டி வலி, மலையெல்லாம் ஏற முடியாதுலா. அம்மாவ இப்படி விட்டுட்டுப் போக உனக்கு மனசு வருதா?"

எனக்கே வெட்கமாகிவிட்டது. அதோடு அந்தப் பேச்சை விட்டேன்.

சில மாதம் கழித்து, ஹுத்தான் மெலிந்தாங்கில் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, ரெண்டு வாரம் அங்கேதான் இருப்பேன் என்றாள். பார்க்க வருகிறவர்களுக்கு ஆகட்டும் என்று முறுக்கு சுட்டேன். சிவப்பு மூடி போட்ட பாலாங் ஜாடியில் அடைத்து, மூடி மேல் பிளாஸ்திரி ஒட்டி 'முறுக்கு' என்று எழுதிக் கொடுத்தேன். பாலாங்கைக் கழுவித் திருப்பித் தரும்போது, "மாமி ஆசையா ரெண்டு தின்னாங்கடி" என்றாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

போன மாதம் கோப்பெங்கில் ஒரு வளைகாப்பு. அக்காவின் நாத்தனார் என் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினார்.

"ஸ்பெயின் போனோமே, படம் பாக்கலியா? நீங்களும் வந்திருக்கலாம்லா. உங்களுக்கு இதெல்லாம் இஷ்டமில்லன்னு அண்ணி சொன்னாங்க."

அதே மலை, அதே கடல். கோட்டைச் சுவரில் அக்கா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சிவப்பு மூடி. மூடியில் என் கையெழுத்து. என்னைத்தான் விட்டுவிட்டுப் போனாள், என் முறுக்கை மட்டும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்!

சாப்பாட்டு வரிசையில் அவளைப் பிடித்தேன்.

"எப்படிக்கா இருந்துச்சு நம்ம கோட்டை?"

அவள் முகம் செத்துப்போயிற்று. தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "முன்ன எல்லாம் இடிஞ்சு கெடந்துச்சாம்டி. இப்பத்தான் எடுத்துக் கட்டியிருக்கான். பாதிச் சுவரு புதுசு. நீ வந்திருந்தா ஏமாந்துதான் போயிருப்ப."

கையில் எடுத்த தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள், "அக்கா வந்திருந்தாளா? அவ முட்டி வலி எப்படி இருக்காம்?"

"நல்லாயிடுச்சும்மா. மலையெல்லாம் ஏறுறா."

அம்மா படுத்தபடியே கையெடுத்துச் சாமியைக் கும்பிட்டாள்.