ஸ்டெல்லா பார்த்த உளவாளி

போன செவ்வாய்க்கிழமை காலை வைட்ஃபீல்ட் போகும் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தபோது என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லாவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க, ரவி சார். காபி போடப் போனவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க." முந்தின நாள்தான் ஸ்டெல்லாவோடு சண்டை போட்டிருந்தேன். அதுவும் ஒரு சினிமாப் பாத்திரத்துக்காக.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பார்வையற்றவர்கள் படத்தைப் பின்தொடர, வசனங்களுக்கு நடுவே திரையில் நடப்பதைக் குரலில் சொல்வோம். எழுதுவது நான்; சரிபார்த்துக் குரல் கொடுப்பது ஸ்டெல்லா. ஆறு வருடம் அப்படித்தான் ஓடியது. இந்த வருடம் வந்தவை எல்லாம் பழைய கறுப்பு வெள்ளை உளவாளிப் படங்கள்.

முதல் படத்திலேயே மாட்டிக்கொண்டேன். கிளப்புக்குள் ஒரு பெண் சிகரெட்டோடு வருகிறாள். "வில்லி நுழைகிறாள்" என்று எழுதியிருந்தேன். ஸ்டெல்லா படத்தை நிறுத்தினார்.

"இப்பதானே கதவையே திறந்தா. அதுக்குள்ள வில்லின்னு எப்படித் தெரிஞ்சது?"

"கையில சிகரெட் இருக்கே."

"ஹீரோ கையிலயும்தான் இருக்கு."

அந்த வரியை அடித்தேன்.

ஸ்டெல்லாவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அவர் குத்திக்காட்டக் கேட்கமாட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவர். "எங்க தெருப் பொண்ணுங்க பேரெல்லாம் வில்லன் குகையிலதான் இருக்கு, ரவி. ஒருத்திகூட டீச்சர் ஆகலையா?" என்றார் ஒரு நாள். அதன்பிறகு எந்தப் படம் வந்தாலும் குகைப் பெண்களின் பெயரைத்தான் முதலில் தேடினோம். கவுன் போட்டவள் மேரியாகவோ ரீட்டாவாகவோ இருப்பாள். புடவை கட்டியவளுக்குக் கடைசியில் கல்யாணம் நடக்கும்.

இன்னொரு நாள், கதாநாயகி நாலு பேரைப் புரட்டியெடுக்கும் காட்சி. ஸ்டெல்லா திரையில் மூக்கு இடிக்கும்படி குனிந்தார். "இந்தக் கை யாருது? இவ்ளோ முடி!" விக் வைத்த ஸ்டண்ட்காரரின் கை. சண்டை போட ஒரு பெண் கிடைக்கவில்லையா, அல்லது தேடவே இல்லையா என்று மத்தியானச் சாப்பாடு முழுக்க அதே பேச்சு. அந்த முடியையும் குரலில் சொல்லவேண்டும் என்றார். "நாம சிரிச்சோமில்ல? அவங்களும் சிரிக்கட்டுமே."

கடைசிப் படம்தான் வம்பு. அதில் நான்சி என்று ஒருத்தி. பெட்டகத்தைத் திறப்பது, ரகசிய வரைபடத்தைப் படம் பிடிப்பது எல்லாம் அவள். முடிவில் கதாநாயகன் மேல் பாயவேண்டிய குண்டைத் தான் வாங்கிச் சாகிறாள். படக் கம்பெனி தந்த பாத்திரப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே "வில்லனின் ஆசைநாயகி" என்றிருந்தது. பட்டியலை மீறக்கூடாது என்பது எங்கள் விதி. ஸ்டெல்லா, "உளவாளின்னு மாத்துங்க" என்றார்.

"படம் எடுத்தவங்களே அப்படிச் சொல்றாங்க. மாத்த நாம யாரு?" என்று நான் கத்திவிட்டேன்.

"அவங்க சொல்றதைச் சொல்லவா உக்காந்திருக்கோம்? கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லத்தானே?" என்றவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

அடக்கம் முடிந்து திரும்பியதும் அந்தப் படம் என் தலையில் விழுந்தது. நான்சி வரும் காட்சிகளை முதலிலிருந்து எழுதினேன். ஆசைநாயகி என்று போடவில்லை. உளவாளி என்றும் போடவில்லை. திறக்கிறாள், படம் பிடிக்கிறாள், ஒளிகிறாள் என்று தெரிவதை மட்டும் எழுதினேன். குரலும் நானே கொடுத்தேன். அவர் பேசவேண்டிய வரிகள் என்பதால் பாதியில் இரண்டு முறை நிறுத்திவிட்டு மறுபடி பேசவேண்டியிருந்தது.

நேற்று நாகராஜ் அண்ணா வந்தார். அடுகோடிக்காரர், பிறவியிலேயே பார்வையில்லாதவர். எங்கள் படங்களை முதலில் கேட்டுக் குறை சொல்பவர் அவர்தான். முடியும்வரை அசையாமல் கேட்டார்.

"சக்கத்தா, சூப்பரா இருக்கு ரவி. ஆனா ஸ்பை அம்மாவைச் சாகடிச்சிட்டாங்களே, பாவம்! ஆமா, பாட்டு பாடிட்டே அவங்க கூடச் சுத்துனாரே, அவர் யாரு?"

அவர் கேட்டது கதாநாயகனைத்தான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன எனக்கு. பெயர் வைப்பதற்கு முன்னால் பார் என்பதை ஸ்டெல்லாவிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்கிறேன். "நீங்க சொன்னதுதான் சரி" என்று திங்கட்கிழமையே அவரிடம் சொல்லியிருக்கலாம்.