நெஞ்சுக்குள் ஒரு மாட்டுத்தோல் கதவு

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், 1997ஆம் வருடத்து ஆவணி மழையில், பூரணியின் காலில் அட்டை கடித்தது. மலையில் அட்டை கடிப்பதெல்லாம் ஒரு செய்தியா? காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு போவதும், அப்படியும் கடித்தால் பிடுங்கி எறிந்துவிட்டுக் கொழுந்து எடுப்பதும் அங்கே தினப்படி நடப்பதுதான். அன்று ரத்தம் நிற்கவில்லை. மத்தியானம் கொழுந்து நிறுக்கப் போனபோதும் வடிந்துகொண்டே இருந்தது. பூரணி பயப்படக்கூட இல்லை. பனிமூட்டத்தில் வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரணம் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் இருதயத்தின் கதவு ஒன்றைப் பழுதாக்கிவிட்டுப் போயிருந்தது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்று, கொழும்பு ஆஸ்பத்திரியில் அது கரையும்வரை ரத்தத்தை இளக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். மலைக்குப் போகாதே என்றும் சொல்லியிருந்தார்கள். மலைக்குப் போகாமல் லயத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க அவள் என்ன துரை வீட்டுப் பெண்ணா?

மறுமுறை கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போனபோது கதவை மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள். பெரிய டொக்டர் சிங்களத்தில் சொன்னதை, சிவகௌரி என்ற யாழ்ப்பாணத்து நர்ஸ் நிதானமாக விளக்கினாள். கதவு இரண்டு வகை. ஒன்று உலோகம். அது ஆயுசுக்கும் உழைக்கும். ஆனால் இதே மாத்திரையை ஆயுசுக்கும் விழுங்கவேண்டும். அட்டைக்காடு ஆகாது. அந்த மாத்திரையோடு பிள்ளை உண்டானால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. மற்றது மாட்டின் நெஞ்சுச் சவ்வில் செய்தது. மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நைந்துபோகும். மறுபடி நெஞ்சைத் திறக்கவேண்டும்.

“அவசரமில்லை அக்கா. வீட்டை போய் ஆறுதலா யோசிச்சு வாங்கோ,” என்றாள் சிவகௌரி.

பூரணியின் கணவன் வீரய்யா யோசிக்கவே இல்லை. உலோகம்தான் என்றான். ஒரு தடவை அவளை உள்ளே அனுப்பவே குலை நடுங்குகிறது, இரண்டாம் தடவை தன்னால் முடியாது என்றான். பிள்ளை இல்லாவிட்டால் போகட்டும் என்றான். பெண்டாட்டி உயிரோடு இருக்கவேண்டும் என்று நினைப்பவனைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் கல்யாணமாகி ஐந்து வருடம். இந்த நெஞ்சோடு பிள்ளை வேண்டாம் என்று டொக்டர் தடுத்துவைத்திருந்த ஐந்து வருடம்.

லயத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டில். அங்கே ஒரு செவலைப் பசு கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருக்கும். பூரணி அதன் பக்கத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்தாள். அதன் வயிறு ஏறி இறங்குவதோடு அவள் மூச்சும் ஏறி இறங்கியது. பனி வந்து கொட்டிலை மூடும்போது, தான் எது, பசு எது என்பதே மறந்துபோகும். அடுத்த காம்பரா வீட்டில் இருந்த நாகலெட்சுமி, பசுப் பாவம் பொல்லாதது என்று பயமுறுத்திவிட்டுப் போனாள். பாலும் கன்றும் கொடுக்கிற பசு, ஒரு கதவும் கொடுத்தால் கோபித்துக்கொள்ளுமா என்று பூரணி நினைத்தாள். பசு அவள் கையை நக்கியது.

ஆபரேஷனுக்குப் போகும்போது, ஹட்டனில் ரயில் ஏறிய பிறகுதான் அவள் சொன்னாள்.

“ஏங்க, எனக்கு மாட்டுத்தோலே போதுங்க. பத்து வருஷந்தான்னாலும் பரவாயில்ல. அதுக்குள்ள ஒரு புள்ளையப் பெத்து இடுப்புல வச்சுக்கிட்டுத் திரியணும்.”

ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது. வெளிச்சம் வந்தபோது வீரய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். “சரி புள்ள,” என்றான்.

மாட்டுத்தோல் கதவு சொன்ன சொல் தவறவில்லை. 2000இல் தனுஜா பிறந்தாள். பூரணி மலைக்கும் திரும்பிப் போனாள். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் தானாக உறைவதைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பாள். இவளுக்கு என்ன வந்தது என்று கொழுந்து நிரையில் நிற்கும் மற்றப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பதினோராவது வருடம் ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. கதவு நைந்துவிட்டது. கொழும்பில் டொக்டர் மாறியிருந்தார், கேள்வி மாறவில்லை. இந்தத் தடவை வீரய்யா முந்திக்கொண்டான். அவளுக்குப் பிடித்தது எதுவென்று தனக்குத் தெரியாதா என்ற தோரணையில், மாட்டுத்தோலே போடுங்கள் என்றான்.

பூரணி அவன் கையைப் பிடித்தாள்.

“இல்லங்க. இரும்பே போடச் சொல்லுங்க. தனுஜாவுக்கு எட்டு வயசுதானே ஆகுது. நான் இன்னும் ரொம்ப நாளு இருக்கணும்.”

இப்போது அவள் மலைக்குப் போவதில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டுகிறாள். மாத்திரையை மறப்பதில்லை. ஆனாலும் சில காலைகளில், பழக்கத்தில், காலுக்குச் சவர்க்காரம் பூசிவிடுவாள். தனுஜாதான் சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவாள்.