சிகரெட்டுக்குக் கிடைத்த விடுதலை

என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் கட்டி என்று தெரிந்ததும், தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "டஸ்ட்டா?" என்பதுதான். சுரங்கத் தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய்க்கு எங்கள் ஊர்ப் பேர் அது. இங்கே இருமினாலும் டஸ்ட், இளைத்தாலும் டஸ்ட். இவரோ ஒரு நாளும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்காதவர். தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் லேத் மெஷின் முன்னால் நிற்கிறவர். அதைக் கேட்க யாருக்குப் பொறுமை?

எனக்குச் சந்தேகமெல்லாம் சிகரெட் மேல்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பிடிக்கிறார். ஆனால் சதையை எடுத்துச் சோதித்த பெங்களூர் டாக்டரம்மா, இது தொண்டையில் தொடங்கிய புற்றுநோய், காரணம் ஒரு வைரஸ் என்றார். இந்த வகை சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும் என்றும் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவர் வெளியே வந்த கையோடு ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தார்.

"பாத்தியாமே? வைரஸ்தானாம். இது மேல கேஸே இல்ல."

வைரஸ்தான் குற்றவாளி என்றால் சிகரெட்டை எந்த முகத்தோடு திட்டுவது? அந்த வைரஸ் தொண்டைக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது? இந்த இரண்டு கேள்வியும் என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தன.

அடுத்த முறை போனபோது இரண்டையும் கேட்டேன். அந்த வைரஸ் உடலுறவு வழியாக வருவது, நிறையப் பேருக்கு வந்த சுவடு தெரியாமல் போய்விடும், சிலருக்கு மட்டும் தங்கிப் பல வருஷம் கழித்து இப்படிக் காட்டும், யாரிடமிருந்து எப்போது என்று தோண்டினால் பதில் கிடைக்காது என்றார் டாக்டரம்மா. நான் இவரை ஒரு பார்வை பார்த்தேன். இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். சண்டை போட ஆசைதான். கட்டியோடு நிற்கிற மனுஷனிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

சிகரெட் பேச்சு வந்ததும் டாக்டரம்மா இவர் பக்கம் திரும்பினார். "நோய் எதனால வந்துச்சுங்கறது ஒரு கதை. பொழைக்கறது வேற கதை," என்றார். ஒரே வைரஸ், ஒரே சிகிச்சை என்றாலும், புகைக்கிறவர்கள் மற்றவர்களைப் போலத் தேறி வருவதில்லையாம். ரேடியேஷன் நன்றாக வேலை செய்ய ரத்தத்தில் பிராணவாயு வேண்டும், புகை அதையே குறைத்துவிடும் என்றார். நல்ல நோயாக வந்ததை நாமே கெட்டதாக்கிக்கொள்கிற மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

இவர் மெதுவாகக் கேட்டார். "இன்னிக்கி வுட்டா போதுங்களா?"

"போதும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. ஆனா விடலைன்னா, என் கையைக் கட்டிப்போட்டு வைத்தியம் பாக்கச் சொல்ற மாதிரி."

இவர் தலையாட்டினார். விடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எதற்கும் அசையாத மனுஷன். தன் அப்பா செத்த அன்றைக்கும் ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டுத்தான் அழ உட்கார்ந்தவர்.

ரேடியேஷன் தொடங்கியது. தினமும் நானும் கூடவே ரயிலேறினேன். இவர் கொஞ்சம் கண் மறைந்து திரும்பினால் போதும், சட்டையை மோந்து பார்ப்பேன். வெட்கமாவது மானமாவது! கஞ்சி கூட இறங்காத தொண்டையை வைத்துக்கொண்டும் இவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வரும். அந்தக் கைக்கு இன்னும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை போல என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் காலையில் ஸ்டேஷன் வாசலில், கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் பழைய பழக்கத்தில் பாக்கெட்டை நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் இவரே கையால் தள்ளினார். ரேடியேஷனில் குரல் கம்மிப்போயிருந்தது.

"வாணாம்பா. எனக்கு பயமா இருக்குது. இன்னும் கொஞ்ச காலம் இவகூட இருக்கணும்."

என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லாததை அந்த ஆளிடம் சொன்னார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே அழுதேன்.