அளவுகோல் பட்ட இடம்

எண்ணெய் லோரி ஓட்டும் மாரிமுத்து போன வாரம் கிள்ளானிலிருந்து வரும் வழியில், பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்காமலேயே சொன்னார்: “சார், வேலாயுதம் அண்ணே போயிட்டாரு. நேத்து சாயங்காலம் எடுத்துட்டாங்க.” முகம் பார்க்கக்கூட வாய்க்கவில்லை. அன்று முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

அப்படி ஓரிடத்தில் உட்காராதவர் அவர்தான், பழகியவர்களுக்குத் தெரியும். கிள்ளானில் நான் ஆசிரியராக இருந்த பள்ளியை ஒட்டிய பெட்ரோல் கடையில், பூமிக்கடியில் புதைத்த இரும்புத் தொட்டி அவர் பொறுப்பு. காலையும் மாலையும் பித்தளைப் பூண் போட்ட அளவுகோலைக் குழாய் வழியே அடி முட்டும்வரை இறக்கி, எண்ணெய் எவ்வளவு என்று பார்ப்பார். கோலை எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில்தான் சாத்தி வைப்பார். பேசும்போதெல்லாம் அதைத் தரையில் தட்டிக்கொண்டே இருப்பார்.

ஒருமுறை முதலாளி பழைய தொட்டிக்குப் பெரிய பம்பு வைக்க நினைத்தார். அதற்குமுன் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தொட்டியைக் காலி செய்து, கழுவி, நாள்கணக்கில் காற்றாட விட்டார்கள். விளக்கு ஆகாது என்பதால் வெளியே ஒருவர் கண்ணாடி பிடித்து வெயிலை உள்ளே அனுப்ப, வேலாயுதம் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தியலால் தட்டினார். “நல்ல இரும்பு பதில் சொல்லும் சார், அரிச்சது முனகும்” என்பார். தொட்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை தாழ்வாரத்தில் வழக்கம்போலக் கோலைத் தட்டிக்கொண்டிருந்தவரிடம், “புதுப் பம்புக்கு இங்கேயே குழி தோண்டுறீங்களா?” என்றேன். குனிந்து பார்த்தார். கோல் தட்டித் தட்டிச் சிமெண்டில் விரல் நுழையும் பள்ளம். அதில் விரலை விட்டுப் பார்த்தார். நான் கொடுத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பம்பு வந்து இறங்கியிருந்தது. மறுபடி பார்க்க வேண்டும் என்று அவர் சொல்ல, முதலாளி கேட்டார்: “நேத்து நல்லாருக்குன்னு நீதானேப்பா சொன்ன? கனவு கண்டியா?” வேலையாட்கள் சிரித்தார்கள். அவர் உள்ளே இறங்கி, குழாய்க்கு நேர் கீழே கழுவியும் போகாமல், முந்தின நாள் தட்டாமல் விட்டுவைத்த சேற்றைச் சுரண்டித் தட்டினார். மூன்றாவது அடியில் சுத்தியல் உள்ளே போய்விட்டது.

வெளியே வந்து எல்லார் முன்னாலும் சொன்னார்: “துரு மட்டும் இல்ல முதலாளி. தெனம் ரெண்டு வேள கோலால ஒரே எடத்துல குத்துனேன். ஓட்ட போட்டது நானும்தான்.”

தொட்டியைத் தூக்கியபோது அடிமண் எங்கள் பள்ளிக் கிணற்றுப் பக்கமாகப் பெட்ரோல் வாடை அடித்தது. கிணற்றை மூடினோம். பக்கத்துக் கம்பத்தில் இருந்த கிராமத்துக் கிணற்றிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு மாதம் தண்ணீர் சுமந்தவர் அவரே. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. புதுத் தொட்டியில் குழாய்க்கு நேராகத் தடித்த தகடு வைத்தார். அதன்பிறகு யார் எதை நன்றாக இருக்கிறது என்றாலும், “எங்க தட்டலன்னு சொல்லுங்க” என்று கேட்பார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்விதான். அதற்கு என் பதிலை அவருக்குச் சொல்லவே இல்லை. தொட்டியைச் சோதிப்பதற்கு ஒரு வாரம் முன்பே, கிணற்றுத் தண்ணீரில் வாடை அடிக்கிறது என்று ஒரு பிள்ளை என்னிடம் வந்து சொன்னாள். லோரிப் புகையாக இருக்கும், குடி என்று அனுப்பிவிட்டேன். அவர் சுமந்த குடங்களில் பாதி நான் சுமந்திருக்க வேண்டியவை.