பின்னாலேயே வந்த வெள்ளைக் கார்

கடைவாய்ப் பல் பிடுங்கிய நாளில் யாரும் போன் பேசக் கூடாது. போன வாரம் நான் பேசினேன். விளைவு... என் மகளின் ரூம்மேட் என்னை ஆள் கடத்தும் கும்பலின் தலைவி என்று முடிவு கட்டிவிட்டாள்.

முதலிலிருந்தே சொல்கிறேன். எனக்கே இன்னும் குழப்பம் தீரவில்லை. உங்களிடம் சொன்னால் தெளிகிறதா பார்க்கலாம்.

என் மகள் கவி நார்வேயில் படிக்கிறாள். அவளுடன் ஒரே அறையில் இருப்பவள் இங்க்ரிட். அந்தப் பெண்ணுக்கு அலைச்சறுக்கு என்றால் உயிர். மாமல்லபுரத்தில் அலை நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடற்கரை ஓரம் ஓர் அறையை புக் செய்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். நாங்கள் இருப்பது பக்கத்தில், அணுபுரத்தில். "அம்மா, அவ இந்தியா வர்றது இதான் முதல் தடவை. தனியா வர்றா. நீதான் பார்த்துக்கணும்" என்றாள் கவி.

பார்த்துக்கொள்ள நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்? அன்றைக்கே வாட்ஸ்அப்பில் இங்க்ரிட்டுக்கு நீளமாக எழுதினேன். சாதிக் என்பவர் வெள்ளைக் காருடன் வருவார், நம்பர் இது, நம்பரைச் சரிபார்க்காமல் ஏறாதே. 'டாக்ஸி மேடம்?' என்று மொய்ப்பவர்களுக்குப் பதிலே சொல்லாதே. டிரைவரைத் தவிர இன்னொரு ஆள் கூட இருந்தால் — யாராக இருந்தாலும், என்ன காரணம் சொன்னாலும் — அந்தக் காரில் ஏறாதே. யாராவது தன் போனை நீட்டி 'கவியின் அம்மா பேசுகிறார்' என்றால் நம்பாதே. சந்தேகம் வந்தால் நேராக ப்ரீபெய்ட் டாக்ஸி கவுன்ட்டருக்குப் போய்விடு.

கணவரிடம் பெருமையாகக் காட்டினேன். "இதப் படிச்சா அந்தப் பொண்ணு ஃப்ளைட்டே ஏறாது" என்றார். அவருக்கு எப்போதும் எல்லாமே விளையாட்டு.

சாதிக் பாய் புதுப்பட்டினத்துக்காரர். எங்கள் குடியிருப்பில் பாதிப் பேரை ஏர்போர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏற்றிக்கொண்டு போனவர். "வெளிநாட்டுப் பொண்ணு பாய். தனியா வருது. பத்திரமா கூட்டிட்டு வரணும்" என்றேன். "நம்ம வூட்டுப் புள்ளயா நெனச்சு கூட்டியாறேம்மா. நீங்க கவலைய வுடுங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

ஏர்போர்ட்டுக்கு நானும் போவதாகத்தான் இருந்தது. ஆனால் அன்று காலை பல்வலி உச்சிக்கு ஏறிவிட்டது. டாக்டர் பல்லை எடுத்து, பஞ்சை வைத்து, "இன்னிக்கு அதிகம் பேசாதீங்க" என்று அனுப்பினார். வீட்டுக்கு வந்து படுத்த கொஞ்ச நேரத்தில் போன். சாதிக் பாய்.

"அம்மா, அந்தப் பொண்ணு வர மாட்டேங்குது!"

"ஏன்?" என்றேன். எனக்கே அது வேறு யாரோ பேசுவது மாதிரி கேட்டது. மரத்த நாக்கு சரியாகப் புரண்டால்தானே?

"தெர்லம்மா. பேர் எழுதின அட்டையக் காட்டினேன். சிரிச்சிகினே வந்துச்சு. கிட்ட வந்ததும் மூஞ்சி மாறிடுச்சு. தள்ளுவண்டிய இழுத்துகினு பின்வாங்கிகினே போவுது. எங்க வூட்ல பாத்திமா கையப் புடிச்சுக் கூப்ட்டும் வரல."

"பாத்திமாவா? அவங்க எதுக்கு வந்தாங்க?"

"பின்ன? தனியா வர்ற பொம்பளப் புள்ள. நான் ஒரு ஆம்பள மட்டும் போய் நின்னா பயப்பட மாட்டாங்களா? அதான் பாத்திமாவ கூட்டியாந்தேன். எங்க அக்காவும் ஏர்போர்ட்டப் பாத்ததில்லன்னு ஏறிகிச்சு."

எனக்குத் தலை சுற்றியது. அந்த மனிதர் செய்ததில் என்ன தப்பு? என் பெண் ஊரிலிருந்து வந்தால் நானும் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டுதானே போவேன்? வண்டியில் ஒரு பெண் இருந்தால் அது நல்ல வண்டி. இரண்டு பெண்கள் இருந்தால் அது குடும்ப வண்டி. நம் ஊரில் இதைவிட வேறு என்ன உத்தரவாதம் வேண்டும்? ஆனால் அந்தப் பெண் செய்ததிலும் என்ன தப்பு? நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறாள்.

"போனை அவகிட்ட குடுங்க பாய்" என்றேன். கொடுத்தார். அவளோடு நான் அதுவரை பேசியதே இல்லை, வெறும் வாட்ஸ்அப்தான். பஞ்சு அடைத்த வாயால், "இங்க்ரிட், நான் கவியின் அம்மா" என்று ஆங்கிலத்தில் குழறினேன். "நோ, தேங்க் யூ" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவளுடைய போனுக்கு அடித்துப் பார்த்தேன். போகவில்லை. கவிக்கு அடித்தேன். அவள் பரீட்சை ஹாலில். முன்பின் தெரியாத ஊரில் ஒரு பெண் தன்னந்தனியாக நிற்கிறாள். சுற்றிலும் 'டாக்ஸி மேடம், டாக்ஸி மேடம்'. அத்தனை பேரில் அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய ஒரே மனிதரை நம்பாதே என்று எழுதிக் கொடுத்தவள் நான். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கவியின் முகத்தில் எப்படி விழிப்பேன்? அவளைப் பெற்றவளுக்கு என்ன சொல்வேன்?

நல்லவேளை, மறுபடி பாயே கூப்பிட்டார். "அம்மா, ப்ரீபெய்ட் வண்டி எடுத்துகிச்சு. நம்பர நோட் பண்ணிட்டேன். நான் பின்னாடியே வர்றேன். வூடு போய்ச் சேர்ற வரிக்கும் வுட மாட்டேன்."

"விடாதீங்க பாய்!" என்றேன்.

ஆமாம். நான்தான் சொன்னேன். அந்த நேரத்தில் அது எவ்வளவு நல்ல யோசனையாகத் தெரிந்தது, தெரியுமா? வழியெல்லாம் பாய் சேதி சொல்லிக்கொண்டே வந்தார். கூடுவாஞ்சேரி தாண்டியாச்சும்மா... பொத்தேரி சிக்னல்ல நிக்கிறோம்மா... செங்கல்பட்டுல திரும்பியாச்சும்மா. நானும் நிம்மதியாக ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். முன்னால் போகும் காரிலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அடுத்த போன் வந்தபோது பாயின் குரல் உள்ளே போயிருந்தது. "அம்மா... திருக்கழுக்குன்றத்துக்கு முன்னாடி போலீஸ் மடக்கிட்டாங்க. கொஞ்சம் வர்றீங்களா?"

வீங்கிய கன்னத்தோடு ஸ்கூட்டரை எடுத்தேன். சாலையோரம் வாகனச் சோதனைக்கு நின்ற போலீஸ் ஜீப். முன்னால் ப்ரீபெய்ட் டாக்ஸி. பின்னால் பாயின் வெள்ளைக் கார். டாக்ஸி டிரைவர் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"பல்லாவரத்துலேந்து பாத்துகினு கீறேன் சார். நான் ஸ்லோ பண்ணா ஸ்லோ பண்றான். ஓரங்கட்டுனா ஓரங்கட்றான். அந்தப் பொண்ணு பேஜாராயி அழுவுது சார். இன்னா மேட்டருன்னு நீங்களே கேளுங்க!"

கான்ஸ்டபிளிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், என் கன்னத்தைப் பார்த்தார். அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டாக்ஸி கண்ணாடி வழியாக கவியும் நானும் இருக்கும் போட்டோவைக் காட்டினேன். இங்க்ரிட் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மெதுவாகக் கதவைத் திறந்தாள். கண்களெல்லாம் சிவந்திருந்தன. "நீங்கள் சொன்னதைத்தான் செய்தேன்" என்றாள் ஆங்கிலத்தில். கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

சாதிக் பாய் தள்ளியே நின்றார். பெண்டாட்டி, அக்கா முன்னால் போலீஸ் விசாரணை. "வண்டி எடுத்த நாள்லேந்து ஒருத்தரும் என்ன இப்டிப் பாத்ததில்லம்மா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் பாத்திமா விடவில்லை.

"நீங்க சும்மா இருங்க. அந்தப் புள்ள செஞ்சதுல இன்னா தப்பு? நம்ம பொண்ணு பொத்தேரில ஹாஸ்டல்ல கீறா. நாளைக்கு முன்பின் தெரியாத நாலு பேரு வந்து 'வாம்மா, கார்ல ஏறு'ன்னு கூப்ட்டா அவ ஏறணுமா, இப்டி நிக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

பாய் திரும்பி இங்க்ரிட்டைப் பார்த்தார். "நிக்கணும்" என்றார்.

இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் இங்க்ரிட் நேராகப் போய் பாத்திமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏர்போர்ட்டில் உதறிய அதே கையை.

வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒன்றும் புரியவில்லை. கூட ஆள் இருந்தால் பயமில்லை என்பது பாயின் கணக்கு. கூட ஆள் இருந்தால்தான் பயம் என்பது நான் இங்க்ரிட்டுக்கு எழுதியது. இதே நான் கவிக்கு என்ன எழுதுகிறேன்? 'தனியா டாக்ஸி ஏறாதே. யாரையாவது கூடக் கூட்டிட்டுப் போ.' எந்த அம்மா சொல்வது சரி? நானும் நானும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அங்கே சாலையோரத்தில் நடந்த கடைசி விஷயத்தில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை. எடுத்த டாக்ஸியிலேயே மாமல்லபுரம் போவதாக இங்க்ரிட் சொன்னாள். "அப்ப நீங்க வீட்டுக்குப் போங்க பாய்" என்றேன். பாய் நகரவில்லை.

"போய்ச் சேந்துச்சான்னு யாரும்மா பாக்கறது? ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க. பின்னாடி வரலாமான்னு."

கேட்டேன். இங்க்ரிட் அவரைப் பார்த்தாள். பிறகு, நான் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள். "யெஸ், ப்ளீஸ்" என்றாள்.

டாக்ஸி கிளம்பியது. வெள்ளைக் காரும் கிளம்பியது. கான்ஸ்டபிள் பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தார்.

"இன்னாம்மா, மறுபடியும் பின்னாடியே போறாரு?"

"போகட்டும் சார்... இந்தத் தடவை கேட்டுட்டுப் போறாரு!"