ஆம்ஸ்டர்டாமில் முனிக்கு ஒரு படையல்

ஆம்ஸ்டர்டாமில் கஞ்சா விற்கும் கடை ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு போலீஸ்காரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். நனைந்த தொப்பியைக் கழற்றி உதறினார். வாசலை மறித்துக்கொண்டு நிற்கிற சைக்கிள் யாருடையது என்று டச்சில் கேட்டார். எனக்கு டச்சு தெரியாது, கையைக் காட்டியதில் புரிந்தது. சன்னலோரம் புகைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்துபோய் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி புகைக்க ஆரம்பித்தாள். போலீஸ்காரர் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போய்விட்டார். நடந்தது இவ்வளவுதான். அதற்குள் என் இரண்டு கைகளும், நான் சொல்லாமலே, மேசைமேல் ஏறி விரல்களை விரித்து வைத்துக்கொண்டிருந்தன. கல்லாவில் இருந்த பெண் நான் அவளைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து விலைப்பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நான் யார், அங்கே எனக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் ஆண் தாதியாக இருக்கிறேன். கோலசிலாங்கூருக்கும் ஜெராமுக்கும் நடுவே இருக்கிற தோட்டத்தில் பிறந்தவன். “பெரியவன் லண்டன்ல டிரெசரா இருக்கான்” என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். நான் இருப்பது லண்டனும் இல்லை, பார்ப்பது டிரெசர் வேலையும் இல்லை. ஆனால் தோட்டத்தில் ஆஸ்பத்திரி வேலை என்றால் மருந்து கொடுக்கிற டிரெசர்தான், இங்கிலாந்து என்றால் லண்டன்தான், நானும் திருத்தப் போகவில்லை. என்னைப்போல் வெளியே வந்து பிழைக்கிறவர்களுக்குத் தெரியும், ஊருக்குப் போகிற டிக்கெட்டில் மலிவானது எப்போதும் தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொடும். எனக்குக் கிடைத்தது ஆம்ஸ்டர்டாமில் ஒரு பகல் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிக்கொள்கிற விமானம். வார்டில் கூட வேலை செய்கிறவர்கள், படகில் போ, ஓவியம் பார், அம்மாவுக்குப் பாலாடைக்கட்டி வாங்கு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். படகில் போனேன். பாலாடைக்கட்டி வாங்கினேன். ஒரு ஜப்பான் தம்பதியை அவர்களுடைய கேமராவிலேயே படம் எடுத்துக்கொடுத்தேன். பிறகு ஓட்டல் வாசலில் நின்றவரிடம், கஞ்சா விற்கிற கோப்பிக்கடைக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். பல்லுக்கு டாக்டர் எங்கே என்று கேட்டால் சொல்வாரே, அப்படி வழி சொன்னார்.

நான் அதைத் தொட்டதில்லை, தொடவும் ஆசையில்லை. என் தம்பி குணா அந்தப் பொருளுக்காகக் கோலாலம்பூரில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருக்கிறான். மேல்முறையீடு எல்லாம் முடிந்து, சுல்தானுக்குப் போட்ட மன்னிப்பு மனுவின் பதிலுக்காக நாங்கள் காத்திருந்தோம். அவனைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால், அவன் உயிரைக் கேட்கிற சாமானைப் பட்டப்பகலில், யாரும் ஒளிக்காமல், மேசைமேல் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வேறு காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தோட்டத்தின் எல்லையில், பெரிய கால்வாய்க்கு இந்தப் பக்கம், முனியாண்டி இருக்கிறார். ஒரு கல், ஒரு அரிவாள், தகரக் கூரை. வருசத்துக்கு ஒருமுறை படையல். சேவல்கறி, அவித்த முட்டை, சம்சு சாராயப் போத்தல், சுருட்டு, அதன் பக்கத்தில் தாளில் மடித்துக் கொஞ்சம் கஞ்சா. முனி கேட்கிற சாமான் அது, மனிதன் குறைக்க முடியாது. இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு, சூடம் காட்டி, எல்லாரும் முனிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்போம். அவர் சாப்பிடும்போது பார்க்கக்கூடாது. சாமான்களை வாங்கிவந்து வைக்கிற முறை எங்கள் வீட்டுடையது, அதுவும் தலைப்பிள்ளைக்கு. நான் கப்பலேறாத குறையாக விமானம் ஏறினபின் அது குணாவிடம் போனது. அவன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், நீதான் போகிறாயே, எங்கள் முனிக்கும் சேர்த்து வாங்கிவந்துவிடு என்றார்கள். சுங்கை ஆயர் தாவார் பக்கத்திலிருந்தும் சபாக்கிலிருந்தும்கூடச் சொல்லிவிட்டார்கள். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன், கடலோரத்தில் ஒருவனிடம் மொத்தமாக வாங்கி மோட்டர் சைக்கிள் கூடையில் வைத்து, மேலே வாழையிலைக் கட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். கோலசிலாங்கூர் ரோட்டில் போலீஸ் மறித்துச் சோதனை போட்டது. சட்டம் அப்போதுதான் இறுகியிருந்தது. குறிப்பிட்ட எடைக்கு மேல் கையில் இருந்தால் விற்கத்தான் வைத்திருந்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். ஐந்து முனிகளுக்கு வாங்கியது அந்த எடையைத் தாண்டியிருந்தது.

வழக்கு நடந்த வாரம் விடுப்பு எடுத்துப் போயிருந்தேன். கோவில் தலைவர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர், சாட்சிக் கூண்டில் ஏறினார். படையலுக்கு என்னென்ன வைப்பீர்கள் என்று கேட்டார்கள். “சேவ, முட்ட, சம்சு, சுருட்டு” என்றார். வேறே? அவர் குணாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. “சுருட்டோட சரிங்க.” மற்ற தோட்டங்களிலிருந்து ஒருவரும் வரவே இல்லை. மண்டோர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு நாலு பொம்பளப் புள்ளைங்க இருக்கு தம்பி. ஆமான்னு சொன்னா என்னையும்ல உள்ள வைப்பானுங்க?” எனக்குக் கோபம் வர வேண்டும். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அன்றைக்குப் போன உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை. என் வார்டில் இப்படி இருக்கிறவர்களுக்கு ஒரு பெயர் வைத்து மாத்திரை கொடுக்கிறோம். எனக்கு நானே பெயர் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

விலைப்பட்டியலில் நாடுகளின் பெயராக இருந்தது. மொரோக்கோ, லெபனான், நேபாளம், தாய்லாந்து. எங்கள் நாடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். கல்லாப் பெண் கண்ணாடிப் போத்தல்களைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கச் சொன்னாள். பசாரில் மிளகு விற்கிறவர்களைப்போல நிறமும் வாசனையும் சொல்லி விளக்கினாள். எல்லாம் முனி கோவில் வாசனைதான் அடித்தது.

“ஒரு ஆள் எவ்வளவு வைத்திருக்கலாம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“முதல் தடவையா? பயப்படாதீர்கள். யாரும் உங்களை நிறுத்தி எடை போட மாட்டார்கள்.”

“என் தம்பியை எடை போட்டார்கள். சிறையில் இருக்கிறான். எங்கள் நாட்டில் இதற்குத் தூக்கு.”

அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். கண்டிப்பான அப்பாவைப் பற்றி, தெரிந்தால் கொன்றுவிடுவார் என்று பிள்ளைகள் சொல்வார்களே, அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. “பாவம். அடுத்த தடவை அவரையும் இங்கே அழைத்துக்கொண்டு வாருங்கள்” என்றாள். உண்மையான அன்போடுதான் சொன்னாள். சரி என்று தலையாட்டினேன்.

சுருட்டிவைத்த ஒன்றும் ஒரு கோப்பியும் வாங்கிக்கொண்டு இடத்துக்கு வந்தேன். அப்போது செய்ததை நினைத்துச் செய்யவில்லை. கோப்பித் தட்டைத் துடைத்து, அதன்மேல் அந்தச் சுருளை வைத்துப் பற்றவைத்தேன். தண்ணீர்க் கிளாஸிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி மூன்று சுற்றுச் சுற்றினேன். முனியாண்டி, என் தம்பியை விட்டுவிடச் சொல்லு, உனக்கு வாங்கப் போனவன், நீயாவது சாட்சி சொல்லு என்று கேட்டேன். வாய்விட்டே சொல்லியிருப்பேன். பிறகு எழுந்து மேசைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றேன். என்ன தைரியம் பாருங்கள். முனி எல்லைச்சாமி, கால்வாய்க்கு அந்தப் பக்கம்கூட அவருக்கு அதிகாரம் கிடையாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அவரை ஆம்ஸ்டர்டாமுக்கு அழைக்கிறேன். கடைக்குள் பேச்சு நின்றது. நான் திரும்பவில்லை.

திரும்பியபோது தட்டு காலியாக இருந்தது. பக்கத்து மேசையில் இருந்த பெரிய மீசைக்காரக் கிழவர் அதை ஆனந்தமாக இழுத்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் பதறிப்போனார். வேண்டாம் என்று வைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன், தவறென்றால் வேறு வாங்கித் தருகிறேன் என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். வேண்டாம், அது உங்களுக்குத்தான் என்றேன். படைத்ததைச் சாமி எடுத்துக்கொண்டால் கேட்டது கிடைக்கும். இங்கே கண்ணெதிரே எடுத்துக்கொண்டாயிற்றே. படித்தவன், மனநோய்க்கு மாத்திரை கொடுக்கிறவன், மனு ஏற்கப்பட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டு அந்தக் கடையை விட்டு வெளியே வந்தேன். பல மாதத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது. பொரித்த உருளைக்கிழங்கு வாங்கி மழையில் நின்று தின்றேன்.

அந்த நம்பிக்கை விமான நிலையம்வரை இருந்தது. அங்கே கழிவறையில் தலையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். சட்டையைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். குணாவைப் பார்க்கப் போட்டுக்கொண்டு போவதற்கென்று வாங்கிய சட்டை. பைகளைத் தட்டி, காற்சட்டைப் பையை வெளியே இழுத்து, நகத்துக்குள்ளும் பார்த்தேன். ஒரு தூள் ஒட்டியிருந்தால்கூட அம்மாவுக்கு இரண்டு பிள்ளையும் இல்லை என்று ஆகிவிடும் என்ற பயம். விமானத்தில் கொடுத்த வருகை அட்டையில் போதைப்பொருள் கடத்தினால் மரணம் என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. சுபாங்கில் சுங்க அதிகாரி பாலாடைக்கட்டியை இரண்டாக வெட்டிப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டதற்கு டிரெசர் என்றேன், லண்டனில் நல்ல சம்பளமா என்று மலாயில் விசாரித்தார். நல்ல சம்பளம் என்றேன்.

சிறையில் இரும்பு வலைக்கு அந்தப் பக்கம் குணா உட்கார்ந்திருந்தான். சதை போட்டிருந்தான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்ததில் சின்ன வயதுத் தழும்பு தெரிந்தது. பயணம் எப்படி, குளிர் எப்படி என்று கேட்டான். ஆம்ஸ்டர்டாமைச் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லவில்லை. அவனுக்கு என்ன சொல்லி நான் விளங்கவைப்பேன். படகில் போனேன் என்று மட்டும் சொன்னேன்.

“அண்ணே, மனுவுக்குப் பதில் வந்துருச்சு. இல்லன்னுட்டாங்க. அம்மாகிட்ட இன்னும் சொல்லல.”

பக்கத்தில் காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“திரும்பிப் போற டிக்கெட்டு எப்போ?” என்றான் குணா.

சொன்னேன்.

“அத கொஞ்சம் தள்ளிப்போட முடியுமான்னு கேட்டுப் பாரு லா. ஒரு வாரம் போதும். அம்மாவால தனியா வந்து என்னைய வாங்கிட்டுப் போவ முடியாது. லோரி பிடிக்கணும், கையெழுத்துப் போடணும், அதுக்கெல்லாம் ஒரு ஆம்பள வேணும்ல?”

முடியும் என்றேன். “டிக்கெட்டு ஆபீஸ்ல அலையவிடுவானுங்க, காலையிலயே போயிரு” என்றான். வேறு எதுவும் அவன் கேட்கவில்லை. எனக்கு அழுகை வர வேண்டும், வரவில்லை. வலையில் விரலை மாட்டினேன். அவனும் அந்தப் பக்கமிருந்து மாட்டினான். காவலர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

மறுநாள் காலையிலேயே விமான நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். சில்லென்ற குளிரூட்டி, சுவரில் உலகப் படம். எதிரே இருந்தவள் நம் பெண்தான், தோட்டத்துப் பிள்ளையாக இருப்பாள், பேச்சில் தெரிந்தது. டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எப்போ சார் வீட்டுக்குத் திரும்பிப் போறீங்க?” என்று கேட்டாள். இங்கிலாந்தைத்தான் சொல்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“தேதி இன்னும் தெரியாதும்மா. மொதல்ல என் தம்பியக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவணும். அதுக்கப்புறம்தான்.”

அவள் இன்னொரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு சிரித்த முகமாய்க் கேட்டாள். “தம்பிக்கும் சேத்து டிக்கெட் போட்ரட்டுமா சார்?”

“வேணாம்மா. அவன் இங்கயேதான் இருக்கப் போறான்” என்றேன்.