தாக் பில்ஜுங்கின் நடு முதுகு

எங்கள் வட்ட அலுவலகத்தின் இணையதளத்தில் அவரைப் பற்றி இப்படிப் போட்டிருக்கிறது: "தாக் பில்ஜுங். சுகாதாரப் பிரிவு, பொதுக் குளியலகங்களுக்குப் பொறுப்பாளர். முப்பத்தோராண்டு அனுபவம். நமது குளியல் பண்பாட்டை நன்கு அறிந்தவர். நிதானமான அணுகுமுறையால் பொதுமக்களின் நம்பிக்கையைப் பெற்றவர்."

பெயர் சரி. பிரிவு சரி. ஆண்டுக்கணக்கும் சரி. மற்றதை எழுதிய பெண் ஒப்பந்த வேலைக்கு வந்தவள். "நிதானமான அணுகுமுறை" என்று எங்கள் எல்லோருக்குமே எழுதிவிட்டுப் போனாள். மற்றவர்கள் விஷயத்தில் அது அவ்வளவாக உறுத்தவில்லை.

அவருக்கு எதிர் மேசையில் பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தது நான்தான். அவர் எழுந்து ஜன்னலைச் சாத்துவார், திறப்பார், தண்ணீர் இயந்திரத்தின் அடித்தட்டைத் துடைப்பார், அடுத்த பிரிவுக்குப் போய் அவர்களுடைய காலண்டரின் பழைய தாளைக் கிழித்துவிட்டு வருவார். மதியச் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டு தொடங்கி நடந்துகொண்டு முடிப்பார்.

குளியல் பண்பாடு விஷயம் இன்னும் மோசம். வட்டத்தில் நாற்பத்தொரு குளியலகங்கள். எந்தத் தொட்டியில் எந்தக் குழாய் ஒழுகும், வியர்க்க உட்காரும் எந்த உப்பு அறையின் கதவு இறுகும் என்பது அவருக்கு மனப்பாடம். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போவார், புட்டியில் தண்ணீர் பிடிப்பார், குளோரின் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். ஆனால் ஐம்பத்தொன்பது வயதுவரை ஒரு குளியலகத்திலும் அவர் குளித்ததே கிடையாது.

பிறந்தது ஒரு சின்னத் தீவு. அங்கே குளியலகம் இல்லை. அடுக்களையில் ஒரு சிவப்பு ரப்பர் தொட்டிதான். ராணுவத்தில் மூன்று நிமிடக் குளியல். அந்த உத்தரவை யாரும் ரத்து செய்யாததால் அவர் அதற்குப் பிறகும் அதன்படியே நடந்துவந்தார். வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு குளியலக முதலாளி, "சார், ஒரு முங்கு முங்கிட்டுப் போங்க" என்றார். பில்ஜுங் அதை லஞ்சமாக எடுத்துக்கொண்டார். சோதனை செய்யும் இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட மேலே படக்கூடாது என்று அன்று ஒரு விதி வைத்துக்கொண்டார். நேர்மையின் காரணமாகக் குளிக்காமல் இருந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

இது எங்களுக்கே தெரியாது. தெரியவந்ததற்குக் காரணம் அவருடைய மகள் ஹேரிமின் கல்யாணம்.

மாப்பிள்ளை வீடு எங்கள் வட்டத்துக்கு வெளியே, சாம்சோன்போ என்ற கடலோர ஊரில். மாப்பிள்ளையின் அப்பா குக் போங்சே, படகு இஞ்சின் மெக்கானிக். அகன்ற மனிதர், பேச்சு குறைவு. இரண்டு குடும்பமும் முதன்முதலாகச் சந்தித்த விருந்தில் பில்ஜுங் நான்கு முறை எழுந்துபோனார். நான்காவது முறை அவர் உணவகத்துச் சமையலறையில் குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருந்ததை போங்சே கண்ணாலேயே கண்டுவிட்டார். தன்னோடு ஒருவேளை உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காத மனிதர் என்று அவர் முடிவு கட்டினார். நிலைமையைச் சரிக்கட்ட நினைத்த பில்ஜுங் சம்பந்தமில்லாமல் ஒன்று சொன்னார்: "எனக்கு ஓய்வுன்னா குளியலகம்தாங்க. அது எனக்கு வீடு மாதிரி."

போங்சே கரண்டியைக் கீழே வைத்தார். "அப்படியா?" என்றார். அன்று அவர் பேசியதில் அதுதான் பெரிய வார்த்தை.

அதற்குப் பிறகு கல்யாணத் தேதிப் பேச்சு நின்றுபோனது. இரண்டு மாதம் கழித்துத்தான் போங்சேவிடமிருந்து ஹேரிம் வழியாக ஒரு சேதி வந்தது: "சனிக்கிழமை காலையில சம்பந்திய எங்க ஊர்க் குளியலகத்துக்கு வரச் சொல்லு."

எங்கள் பக்கத்தில் சம்பந்திகள் தூரத்தில் இருந்து தலைகுனிந்து வணங்கிக்கொள்கிறவர்கள். பண்டிகைக்கு ஆப்பிள் பெட்டி அனுப்புவார்கள்; உடுப்பில்லாமல் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அப்படி ஒருவர் அழைக்கிறார் என்றால், அது கடைசி வாய்ப்பு என்று ஹேரிம் புரிந்துகொண்டாள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவரோட ஒரு மணி நேரம் உக்காருங்க. பேசக்கூட வேணாம். உக்காந்தா போதும். இன்னொரு தடவை எழுந்து ஓடினீங்கன்னா இந்தக் கல்யாணம் நடக்காது."

"உக்கார்றதுல என்ன இருக்கு?" என்றார் பில்ஜுங், காலணி அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டே.

அவருடைய கவலை வேறு. குளியலகத்தில் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிடுவது வழக்கம். அது அவருக்குத் தெரியும், ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். தேய்த்தால் அழுக்குத் திரி திரியாக உருண்டு விழும் என்பதும் தெரியும். 'குளியலகம் எனக்கு வீடு' என்று சொன்ன மனிதரின் உடம்பிலிருந்து சம்பந்தியின் கண்ணெதிரே திரி திரியாக விழுந்தால்? வெள்ளிக்கிழமை மாலை, கையுறை மாதிரித் தைத்த சொரசொரப்பான பச்சைத் தேய்ப்புத் துணியைக் கையில் மாட்டிக்கொண்டு குளியலறைக்குள் போனவர் ஒன்றரை மணி நேரம் வெளியே வரவில்லை. அவருடைய மனைவி கதவைத் தட்டினாள்.

"உள்ள என்ன, நண்டு உரிக்கிறீங்களா?"

"சும்மா இரு. சம்பந்தி முன்னாடி சுத்தமா போகணும்."

"சுத்தமாகுறதுக்குத்தானே அங்க போறீங்க?"

அவர் மறுபடி தேய்க்கத் தொடங்கினார். இடது தொடையில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

பிறகு நடந்ததை எங்களுக்குச் சொன்னவர் போங்சேதான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு வரி கூடியது. நான் முதல் முறை கேட்டதை வைத்து எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணி. போங்சே முப்பது ஆண்டுகளாகப் போகிற குளியலகம் அது. வாசலில் உடுப்புப் பெட்டிச் சாவி கொடுக்கும் அம்மாள்முதல் உள்ளே படுக்கை போட்டு உடம்பு தேய்க்கும் மா என்பவர்வரை எல்லோரும் அவருக்கு வீட்டு மனிதர்கள். சாவியைக் கணுக்காலில் மாட்டிக்கொண்டு அவர் முன்னே போனார். பின்னால் பில்ஜுங், இடுப்பில் துண்டு கட்டியபடி. அந்தக் கூடத்தில் துண்டு கட்டியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"தலையில போட்டுக்கங்க, சம்பந்தி" என்றார் போங்சே. "இடுப்புல எதுக்கு?"

ஷவரில் நின்றார்கள். விதிப்படி குளிப்பதற்கு முன் குளிக்க வேண்டும். தன் வட்டத்துக் குளியலகச் சுவர்களில் அந்த விதியை ஒட்டவைத்த கையே பில்ஜுங்கின் கைதான். பிறகு வெந்நீர்த் தொட்டி. போங்சே கழுத்துவரை இறங்கி, கண்ணை மூடி, ஒரு நீண்ட 'ஆ' போட்டார். பில்ஜுங் ஒரு காலை வைத்தார்.

முந்தின நாள் உரித்த தோல் அது. நாற்பத்திரண்டு டிகிரி அதில் மிளகாய்த்தூளாக இறங்கியது. இடுப்புவரை போனவர் அப்படியே எழுந்தார்.

"சூடு அதிகமோ?" என்றார் போங்சே, கண்ணைத் திறக்காமல்.

"இல்லல்ல. அந்தத் தொட்டியையும் பாக்கலாம்னு."

மூலிகைத் தொட்டி இன்னும் எரிந்தது. குளிர்ந்த நீரில் பல் கிட்டியது. அங்கிருந்து எழுந்து நடந்தார். நடக்கும்போது கைக்கு வேலை வேண்டுமே. வெப்பமானியைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி முகர்ந்தார். வடிகால் மூடியைக் காலால் அசைத்தார். அறிவிப்புப் பலகையை முழுக்கப் படித்தார். பிறந்தமேனியாக நின்று அறிவிப்புப் பலகையைப் படிப்பவர் உலகத்தில் ஒரே தொழிலைச் சேர்ந்தவராகத்தான் இருக்க முடியும்.

மா தன் படுக்கையருகே நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே போய் ஏதோ சொன்னார். இரண்டு நிமிடத்தில் ஒரு பணியாள் வந்து யாரும் கேட்காமலேயே தரையைத் தேய்க்கத் தொடங்கினான். இன்னொருவன் நீண்ட வலையால் தொட்டியில் இல்லாத தூசியை அள்ளினான். தொட்டியில் இருந்த வயதான மீன் ஏலக்காரர் ஒருவர் மெதுவாக எழுந்து வெளியே வந்தார்.

"போங்சே, யாருப்பா இவரு? தண்ணியில ஏதாச்சும் இருக்கா?"

"என் சம்பந்தி."

"சம்பந்தி மாதிரி தெரியலயே. ஆபீசரு மாதிரில்ல இருக்காரு."

இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். பெரிய தொட்டியில் போங்சே மட்டும் மிச்சமிருந்தார், வெறும் கிண்ணத்தில் விட்டுப்போன முட்டை மாதிரி. முப்பது வருஷத்துச் சிநேகிதர்கள் சுவரோரம் நின்று தண்ணீரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது, வெந்நீரால் அல்ல.

"சம்பந்தி" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நீங்க குளிக்க வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?"

"இந்த ஊர் என் எல்லையில இல்லைங்க" என்றார் பில்ஜுங், மிகத் தவறான பதிலை மிகச் சரியாக.

"அன்னிக்கும் இப்படித்தான். சோறு போட்டா எழுந்து ஓடுனீங்க. இன்னிக்குத் தண்ணிக்குள்ள கூப்பிட்டா எழுந்து ஓடுறீங்க. எங்க குடும்பத்துல கால் வைக்கப் பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லிருங்க. பிள்ளைங்க காத்துட்டு இருக்குதுங்க."

உண்மையைச் சொன்னால், குளியலகம் வீடு என்று பில்ஜுங் சொன்னது பொய் என்று ஆகும். சொல்லாவிட்டால் கல்யாணம் போகும். வாழ்க்கையில் முதன்முறையாக எந்தப் பக்கம் நடப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த நீல நிற பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தார்.

போங்சே தொட்டியிலிருந்து ஏறி வந்தார். வழக்கத்தை விட்டுக்கொடுக்கும் மனிதர் அல்ல அவர்; சண்டை வேறு, முதுகு வேறு. "திரும்புங்க" என்றார். துணியை மாட்டிக்கொண்டு தோளிலிருந்து இழுத்தார். ஒன்றும் வரவில்லை. விலாவில் இழுத்தார். ஒன்றுமில்லை. பில்ஜுங் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். போங்சே குனிந்து பார்த்தார். தோள் முழுக்க வேகவைத்த இறால் நிறம்.

"மா தம்பி, இங்க வந்து இதப் பாரேன்."

மா வந்தார். இருபத்தாறு வருஷமாக முதுகு பார்க்கிறவர். தோளை விரலால் தடவி, நீதிபதி மாதிரி சற்று யோசித்தார்.

"இது நேத்து தேய்ச்ச தோலுண்ணே. வீட்டுலயே, கோவமா தேய்ச்சிருக்காரு." விரல் கீழே இறங்கி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே நின்றது. "ஆனா இங்க பாருங்க. இந்த ஒரு கையளவு இடம்."

மா அங்கே துணியை ஒரு இழுப்பு இழுத்தார். சாம்பல் நிறத்தில் நூடுல்ஸ் மாதிரி உருண்டு வந்தது. இன்னொரு இழுப்பு, இன்னும் வந்தது. சுவரோரம் நின்றவர்கள் கிட்டே வந்தார்கள். தண்ணீரைப் பற்றிய கவலை எல்லோருக்கும் மறந்துபோனது.

"தன் கை எட்டாத இடம்" என்றார் மா. "இதுல யாரு கையும் பட்டதில்லண்ணே. ஒரு தடவைகூட. குளியலகத்துக்கு வர்ற ஆளோட முதுகே இல்ல இது."

போங்சே பில்ஜுங்கின் முன்னால் வந்து இன்னொரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"சம்பந்தி, இதுக்கு முன்னாடி எங்க குளிச்சிருக்கீங்க?"

"வீட்டுல."

"வீடு மாதிரின்னு சொன்னீங்களே, அது?"

"வீட்டுலதான் குளிச்சேன்" என்றார் பில்ஜுங் தரையைப் பார்த்து. பிறகு எல்லாவற்றையும் சொன்னார்: முதல் வாரம், அந்த முதலாளி, தான் வைத்துக்கொண்ட விதி, நேற்றைய ஒன்றரை மணி நேரம்.

"காசு குடுத்துக் குளிச்சிருக்கலாமே?"

"வாங்க மாட்டாங்க. வற்புறுத்துனா பயந்துருவாங்க."

"அடுத்த ஊருக்குப் போயிருக்கலாமே?"

பில்ஜுங் யோசித்தார். முப்பத்தோராண்டுகளில் இது அவருக்குத் தோன்றவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "அதுக்கு உக்காரணுமே" என்றார் கடைசியில். "எனக்கு உக்கார வராது, சம்பந்தி. உங்க மேல எந்தக் குறையும் இல்ல. எங்க வீட்டுலயும் உக்காந்ததில்ல. வேணும்னா என் பொண்ணைக் கேளுங்க."

மீன் ஏலக்காரர் சிரித்துவிட்டார். போங்சே சிரிக்கவில்லை. மா கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டார்.

"நீ போ தம்பி. இது எங்க வீட்டு விஷயம்."

அந்தக் கையளவு இடத்தை அவரே தேய்த்தார். சுற்றியிருந்த சிவந்த தோலில் படாமல், இஞ்சின் மூடியைத் துடைப்பவர்போல, ஓரம் பார்த்து. முதல் ஒரு நிமிடம் பில்ஜுங்கின் கால் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மா. பதினொரு நிமிடம் என்றார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி போங்சே முடித்தார். முக்காலியைத் திருப்பிப்போட்டு, தன் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

பில்ஜுங் தேய்த்தது சோதனை அறிக்கை நிரப்புவது போலிருந்ததாம். முதுகை மனதுக்குள் கட்டம் போட்டு, மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், ஒரு கட்டமும் விடாமல். அந்த மனிதரின் ஓயாத கைக்கு இத்தனை வருஷம் கழித்துப் பொருத்தமான வேலை கிடைத்தது. "மா தம்பி, உன் வேலை போச்சு" என்று போங்சே சொன்னார்.

பிறகு மேல்மாடிச் சூடான கூடத்தில், குளியலகம் தந்த தொளதொள உடுப்போடு, ஓட்டோடு சுட்ட முட்டைகளும் சில்லென்ற அரிசி இனிப்புப் பானமும் வைத்துக்கொண்டு இருந்தார்கள். போங்சே தன் நெற்றியில் முட்டையைத் தட்டி உடைத்தார்.

"ஏப்ரல் ரெண்டாவது சனிக்கிழமை" என்றார். "உங்களுக்குச் சரியா?"

"சரிங்க."

"மண்டபத்துல சமையலறைப் பக்கம் போகக்கூடாது."

பில்ஜுங் முட்டையை மென்றுகொண்டே எழுந்தார். "கேட்டுச்சா சம்பந்தி?" என்றார் போங்சே. பில்ஜுங் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் இயந்திரத்தின் அடித்தட்டைத் துடைக்கப் போனார். போங்சே அவரைக் கூப்பிடவில்லை; அவருடைய அடுத்த முட்டையையும் உரித்து வைத்தார்.

ஏப்ரலில் கல்யாணம் நடந்தது. சமையலறைக்கு அவர் இரண்டு முறை போனதை நானே பார்த்தேன். இரண்டாவது முறை கூடவே போங்சேவும் போனார். இணையதளத்தில் இன்னும் அதே வாசகங்கள்தான் இருக்கின்றன.

குளியலகத்துக்குப் போன அந்தச் சனிக்கிழமை தாக் பில்ஜுங் பதினொரு நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சம்பந்தியின் முதுகைத் தேய்த்துவிட்டார்.